ரஷ்ய மன்னனாக நின்ற என் தச்சனுக்கு

தம்பி,

நேற்றுப் பின்னேரம் நீ துறைமுகத்துத் தொலைபேசிக் கூண்டிலிருந்து அழைத்தபோது உன் அம்மா குளித்துக்கொண்டிருந்தார். அதனால்தான் நான் எடுத்தேன். வடக்கே கடலோரத்தில் பழைய மரக்கப்பல் ஒன்றைத் திருத்துகிற பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது என்றாய். படுக்க இடம் இருக்கிறது, சோறு இல்லை, உருளைக்கிழங்கு வேண்டிய மட்டும் இருக்கிறது என்றாய். பிறகு சில்லறை முடிந்து இணைப்பு அறுந்துவிட்டது. அம்மா ஈரத் தலையோடு வந்து "என்னவாம்?" என்று கேட்டார். "கப்பலாம்" என்றேன். இருவரும் சிரித்தோம். கப்பல் என்றதும் எங்களுக்கு ஏன் சிரிப்பு வந்தது என்று உனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிரிப்போடு என் நெஞ்சில் என்னென்ன வந்துபோனது என்று உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உன்னைப் போன்ற பிள்ளைகளும் என்னைப் போன்ற தகப்பன்மாரும் இந்த ஜேர்மன் நாட்டில் நிறைய வீடுகளில் இருக்கிறார்கள். ஆகவே டோர்ட்மண்டில் எங்கள் ஆட்கள் நடத்துகிற சிறு பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். பெயர் போட மாட்டேன். உனக்குத் தெரிந்த விஷயங்களையும் நான் இதில் சொல்லிக்கொண்டு போவது அந்த மற்ற ஆட்களுக்காக.

உனக்குப் பத்து வயதாக இருந்தபோது நாங்கள் மூவரும் ஊரில் நடந்த போருக்குத் தப்பி இங்கே வந்தோம். மொஸ்கோ விமான நிலையத்தில் ஒரு பகல் முழுக்கக் காத்திருந்து, அங்கிருந்து கிழக்கு பெர்லின் போய், அங்கிருந்து ரயிலில் மேற்குக்கு வந்த பயணம். என் கடவுச்சீட்டில் இருந்த முகம் என்னுடையது, பெயர் வேறொருவருடையது. அதிகாரி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது எனக்கு உறைக்கவில்லை. நீதான் என் சேட்டைப் பிடித்து இழுத்தாய். இங்கே வந்து சொந்தப் பெயரில் அகதி விண்ணப்பம் கொடுத்து, அலுவலகத்தில் வரச் சொல்லிக் குறித்த ஒவ்வொரு டெர்மினுக்கும் அதே சேட்டைத் தோய்த்துப் போட்டுக்கொண்டு போய், வருடக்கணக்கில் அலைந்த பிறகுதான் இருக்கலாம் என்றார்கள். இவ்வளவு பாடுபட்டு வந்ததற்கு ஏதாவது பெரிதாக நடக்க வேண்டும், அது உன்னால்தான் நடக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். நீ டொக்டராக வேண்டும், இல்லாவிட்டால் என்ஜினியராக வேண்டும். மூன்றாவது ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு நாள் நீ வந்து, படிப்பை நிறுத்தப் போகிறாய் என்றும் கூரை மரவேலை செய்கிற தச்சரிடம் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, கிடைத்திருக்கிறது என்றும் சொன்னாய். "தச்சு வேலை செய்யவோ உன்னை இஞ்சை கொண்டந்தனான்?" என்று கேட்டேன். "எனக்கு அது விருப்பமப்பா" என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் நான் உன்னோடு நேராகப் பேசவில்லை. ஒரே வீடு, ஒரே மேசை. அம்மா நடுவில் நின்று இரண்டு பக்கமும் செய்தி கொண்டுபோனார். சப்பாத்தை வெளியே கழற்றச் சொல் என்பேன். அப்பாவுக்கு மரத்தூள் ஒத்துவராவிட்டால் கதவைச் சாத்தச் சொல்லுங்கோ என்பாய். ஊரில் தச்சு வேலை செய்கிறவர்களை வாசலோடு நிறுத்திப் பழகிய குடும்பம் எங்களுடையது. அந்தப் பழக்கத்தையும் விமானத்தில் கூடவே கொண்டுவந்துவிட்டேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. டோர்ட்மண்ட் கலியாண வீடுகளில் மகன் என்ன செய்கிறார் என்று கேட்டால் "கட்டடத்துறை" என்பேன். அவர்களாகவே என்ஜினியர் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்தியதில்லை.

இங்கே நாங்கள் இருக்கிற ஊர் ஹனோவருக்குத் தெற்கே இருக்கிற சின்ன இடம். ஒரு பழைய கோட்டை, ஒரு தேவாலயம், ஒரு முதியோர் இல்லம். அந்த இல்லத்தின் சலவைக்கூடத்தில்தான் எனக்கு வேலை. 1697இல் ரஷ்ய மன்னன் பீட்டர் ஐரோப்பாவைப் பார்த்துப் படிக்க என்று புறப்பட்டு வந்த வழியில், ஹனோவர் அரச குடும்பத்துப் பெண்கள் அவனை இந்தப் பக்கத்தில் மறித்து விருந்து வைத்தார்கள். அது நடந்து முந்நூறு வருடம் ஆகிறது என்று எங்கள் ஊர்க்காரர் அந்த விருந்தைக் கோட்டை மண்டபத்தில் நாடகமாகப் போட நினைத்தார்கள். ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட வாத்தியார் நாடகத்தை எழுதினார். அதே நாட்களில் அந்த மண்டபத்தின் கூரை மரங்களை மாற்றுகிற வேலை உன் முதலாளிக்குக் கிடைத்தது.

பிறகு நடந்ததை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாத்தியார் முற்றத்தில் நின்று மேலே பார்த்திருக்கிறார். நீ விட்டத்தின் மேல் நின்றிருக்கிறாய். மன்னனுக்குப் பந்தம் பிடிக்கிற ஒரு கறுப்புச் சேவகனை அவர் நாடகத்தில் எழுதி வைத்திருந்தார். அதற்கு நீ வருவாயா என்று கேட்டிருக்கிறார். நீ கோபப்படவில்லையாம். மன்னன் எவ்வளவு உயரம் என்று கேட்டாயாம். இரண்டு மீற்றர் இருக்கும் என்றாராம். இங்கே என்ன படிக்க வந்தவன் என்று கேட்டாயாம். கப்பல் கட்டுகிற தச்சு வேலை என்று சொல்லத் தொடங்கி வாத்தியார் பாதியில் நிறுத்திவிட்டாராம். ஏணியில் நின்ற உன் முதலாளி, இந்த ஊரில் இரண்டு மீற்றர் உயரமான தச்சன் வேறு யார் இருக்கிறான் என்று கேட்டாராம். வாத்தியார் ஒரு கிழமை யோசித்தார். பிறகு சேவகனை வெட்டிவிட்டு, மன்னன் வேடத்தை உனக்குத் தந்தார்.

இதைக் கேட்டதும் எனக்குப் பெருமை வரவில்லை, பயம்தான் வந்தது. சில வருடங்களுக்கு முன்புதான் இந்த நாட்டில் வெளிநாட்டுக்காரர் இருந்த வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்கள். அந்த நாட்களில் நானும் அம்மாவும் படுக்கையறையில் வாளி நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு படுத்தது உனக்கு நினைவிருக்கும். யாருடைய கண்ணிலும் படாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று நான் முடிவு செய்திருந்தேன். நீயோ அவர்களுடைய கோட்டையில், அவர்களுடைய பெண்களின் கையைப் பிடித்து ஆடிக்கொண்டு, எங்கள் முகத்தோடு மன்னனாக நிற்கப் போகிறாய். அம்மாவைக் கூப்பிட்டு, அவனை இதை விடச் சொல் என்றேன். அம்மா கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"இதை நான் கொண்டுபோக மாட்டன். வேணுமெண்டால் நீங்களே சொல்லுங்கோ."

அன்றோடு அம்மா தூது போவதை நிறுத்திவிட்டார். உன் பக்கத்தில் இருக்கிற உப்பு எனக்கு வேண்டுமென்றால் நானே எழுந்து வந்து எடுக்க வேண்டியிருந்தது. நீ அதைத் தள்ளி வைப்பாய். நான் பார்க்காத மாதிரி எடுப்பேன்.

அந்த நேரத்தில்தான் லிடியா எனக்கு மன்னனின் கதையைச் சொன்னார். லிடியா சலவைக்கூடத்தில் என்னோடு வேலை செய்தவர், கசகஸ்தானிலிருந்து வந்த ரஷ்ய ஜேர்மன்காரி. அவருடைய முன்னோர் பீட்டருக்குப் பின் வந்த ஓர் அரசியின் அழைப்பில் வொல்கா நதிக்கரையில் போய்க் குடியேறிய ஜேர்மன் விவசாயிகள். பெரிய போர்க்காலத்தில் அந்தச் சனத்தை முழுக்க ஆடுமாடு ஏற்றுகிற ரயில்பெட்டிகளில் ஏற்றிக் கிழக்கே அனுப்பிவிட்டார்கள். லிடியா அப்போது கைக்குழந்தை. நாடகத்துக்கு உடை தைக்கிற பொறுப்பு அவருக்கு வந்தது. படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, விலகிப் போய் இழுத்து, நெருங்கி வந்து சேர்த்து, மறுபடியும் விலக வேண்டும். அந்தப் போக்குவரத்துக்குள் கதை நடந்தது.

லிடியாவுக்கு அந்த மன்னன் மேல் பெரிய பெருமை. இருபத்தைந்து வயதில் அரசாட்சியை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, தூதுக்குழுவில் ஒரு சாதாரண ஆளாகப் பொய்ப் பெயரில் வந்தானாம். உயரத்தைப் பார்த்து எல்லோருக்கும் தெரிந்துவிட்டதாம், ஆனாலும் தெரியாத மாதிரி நடந்துகொள்ள வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் இந்த நாட்டுக்கு வேறொருவன் பெயரில்தான் வந்தேன் என்றேன். அப்படியென்றால் உங்களுக்கும் ஒரு விருந்து வைத்திருக்க வேண்டுமே என்றார் லிடியா. விருந்தில் மன்னன் வெட்கத்தில் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டானாம். மேசைத் துணியை என்ன செய்வது என்று தெரியவில்லையாம். ஆடும்போது பெண்களின் இடுப்பில் கட்டியிருந்த திமிங்கில எலும்புக் கச்சை கையில் பட்டு, ஜேர்மன் பெண்களுக்கு எலும்பு பொல்லாத கடினம் என்றானாம். இதைச் சொல்லும்போது சிரித்துச் சிரித்து லிடியா விரிப்பின் மூலைகளை விட்டுவிட்டார். அதை மறுபடி தோய்க்க வேண்டியதாயிற்று.

ஹொலண்டில் கோடரி பிடித்துக் கப்பல் வேலை பழகி, ஊருக்குத் திரும்பியதும் பிரபுக்களின் தாடியைத் தன் கையாலேயே வெட்டினானாம். நீளமான அங்கியை விட்டு மேற்கத்தியக் கோட்டுப் போட வைத்தானாம். அவர்களுக்குச் சந்தோஷமா என்று கேட்டேன். தாடி அவர்களுக்குச் சமயம் போல என்றார். வெட்டிய தாடியை எடுத்து வைத்து, செத்தால் பெட்டிக்குள் கூடவே போடச் சொன்ன ஒரு தச்சன் கூட இருந்தானாம். பிறகு ஸ்வீடனோடு நீண்ட காலம் போர் செய்து கடற்கரையைப் பிடித்தானாம். நதி கடலில் விழுகிற சதுப்பு நிலத்தில் ஒரு புதிய தலைநகரத்தை எழுப்பினானாம். கடைசியில் பேரரசன் என்று பட்டம் சூட்டிக்கொண்டானாம்.

"அந்தச் சதுப்பில் முன்பு யார் இருந்தார்கள்?" என்று கேட்டேன்.

மீன்பிடிக்கிற சனங்கள், ஸ்வீடன்காரரின் ஒரு கோட்டை, பக்கத்தில் ஒரு சின்னப் பட்டினம் என்றார்.

"அந்தச் சனம் எங்கே போனது?"

நெருங்கி வர வேண்டிய லிடியா வரவில்லை. இரண்டு மூலைகளையும் பிடித்தபடி அங்கேயே நின்றார். பள்ளிக்கூடத்தில் அதை நாங்கள் கேட்கவில்லை என்றார். பிறகு, "எங்களைப் பற்றியும் ஒருவரும் கேட்கவில்லை" என்றார். அந்த நகரத்தைக் கட்ட நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் சனத்தைப் பிடித்துக் கொண்டுவந்ததையும், சேற்றிலும் குளிரிலும் செத்தவர்களின் தொகை ஒருவருக்கும் சரியாகத் தெரியாது என்பதையும் அதற்குப் பிறகுதான் சொன்னார். நான் பெரிய ஆராய்ச்சிக்காக அப்படிக் கேட்கவில்லை. ஷெல்லுக்குப் பயந்து வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தவனுக்கு வேறு என்ன கேள்வி வரும்?

இன்னொரு நாள், இவ்வளவு பெரிய ஆளின் பிள்ளை எப்படி வந்தான் என்று கேட்டேன். சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான். லிடியா மறுமொழி சொல்ல முன் விரிப்பை மேசையில் வைத்துவிட்டார். பீட்டருக்கு அலெக்சி என்று ஒரு மகன் இருந்தான். அவனுக்குப் புத்தகமும் பூசையும் பிடிக்கும், போரும் கப்பலும் பிடிக்காது. தகப்பன் அவனுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினான். நீ மாற வேண்டும், மாறாவிட்டால் அழுகிய உறுப்பை வெட்டுகிற மாதிரி உன்னை வெட்டி எறிவேன் என்பதுதான் அதன் சாரம். மகன் பயத்தில் வியன்னாவுக்கு ஓடினான். அங்கிருந்து இத்தாலிக்குப் போய் ஒளிந்தான். தகப்பனின் ஆட்கள் தேடிக் கண்டுபிடித்து, மன்னிப்பு உண்டு என்று வாக்குக் கொடுத்துக் கூட்டி வந்தார்கள். வந்ததும் விசாரணை, சித்திரவதை, மரண தண்டனை. தண்டனையை நிறைவேற்ற முன்பே, தகப்பன் கட்டிய அந்த நகரத்துக் கோட்டையில், மகன் செத்துப்போனான். மறுநாள் ஒரு போர் வெற்றியின் ஆண்டு விழா. மன்னன் அதற்குப் போனான்.

"மகனுக்கு என்ன வயது?"

"இருபத்தெட்டு."

"அவன் கெட்டவனா?"

"இல்லை. தகப்பன் மாதிரி இல்லை. அவ்வளவுதான்" என்றார் லிடியா.

அன்று வேலை முடிந்து வந்தபோது வீட்டில் நீ இல்லை. அம்மாவும் கடைக்குப் போயிருந்தார். உன் பெரிய பையையும் காணவில்லை. நான் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவன், எனக்குக் கோட்டையும் இல்லை, அனுப்ப ஆட்களும் இல்லை. ஆனாலும் என் மகன் என்னைவிட்டு ஓடிவிட்டான் என்று அந்த நிமிடம் நிச்சயமாக நம்பினேன். உன் அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்தேன். உடுப்புகள் இருந்தன. சேட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். கட்டிலில் இருந்துவிட்டேன். அம்மா வந்து, அவன் ஒத்திகைக்குச் சப்பாத்தும் கோட்டும் கொண்டு போயிருக்கிறான் என்ற பிறகுதான் எழும்பி அலுமாரியைச் சாத்தினேன். நீ வந்தபோது நான் ஏதாவது பேசியிருக்கலாம். பேசவில்லை. எப்படித் தொடங்குவது என்று மறந்துபோயிருந்தது.

நாடகத்தன்று அம்மா மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு வந்தார். நான் கதவுக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்தேன். ஏதாவது நடந்தால் எந்தப் பக்கத்தால் வெளியேறலாம் என்று பார்த்து வைத்துக்கொண்டேன். நீ பச்சைக் கோட்டோடு, வாசல் நிலையில் தலை முட்டாமல் குனிந்து உள்ளே வந்தாய். பின்னாலே ஒருவன் சிரித்தான், பக்கத்தில் இருந்தவர் அவனை அடக்கினார். என் கை அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தது. நீ வெட்கத்தில் முகத்தை மூடினாய். சனம் சிரித்தது. அது வேறு சிரிப்பு, உன்னோடு சேர்ந்து சிரித்தது. மேசைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டபோது முன்வரிசையில் இருந்த கிழவர் ஒருவர் கண்ணைத் துடைத்தார். நானும் சிரித்துவிட்டேன் என்று அம்மா பிறகு சொன்னார்.

பிறகு அரசியாக நடித்த மருந்துக்கடைக்காரப் பெண்மணி, உண்மையில் உங்களுக்கு என்ன வேலை தெரியும் என்று மன்னனைக் கேட்டார். கப்பல் கட்டுவேன் என்று சொல்லி நீ இரண்டு கைகளையும் விளக்கு வெளிச்சத்தில் நீட்டினாய், தொட்டுப் பாருங்கள் என்று. பீட்டர் உண்மையாகவே அப்படிச் செய்தவனாம். அந்தப் பெண்மணி உன் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார். அவை வேடத்துக்குப் பூசிய கைகள் அல்ல என்று எல்லோருக்கும் தெரிந்தது. இடது பெருவிரல் நகம் கறுத்திருந்தது. தோலில் வெடிப்புகள் இருந்தன. இரண்டு வருடமாக ஒரே மேசையில் சாப்பிட்டும் நான் அந்தக் கைகளைப் பார்த்திருக்கவில்லை.

கடைசிக் காட்சியில் மன்னன் தன் எதிர்காலத்தைப் பெருமையாகச் சொல்கிறான். தாடிகளை வெட்டுவேன், கப்பற்படை வைப்பேன், கடலோரத்துச் சதுப்பில் ஒரு நகரம் கட்டுவேன் என்கிறான். கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்த பணிப்பெண் நிமிர்ந்து, "அங்கே இப்போது இருக்கிற சனம் எங்கே போகும்?" என்று கேட்டாள். நீ வாயைத் திறந்தாய். ஒன்றும் வரவில்லை. பிறகு வாத்தியக்காரரைப் பார்த்து வாசிக்கச் சொல்லிக் கைகாட்டினாய். ஆட்டம் தொடங்கியது, நாடகம் முடிந்தது. திரைக்குப் பக்கத்தில் நின்ற லிடியா என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

சனம் கலைந்த பிறகு மேடைக்குப் பின்னால் வந்தேன். நீ கோட்டின் ஒரு கையைக் கழற்றிக்கொண்டு நின்றாய்.

"கையைக் காட்டு" என்றேன்.

ஒரு சின்னப் பிள்ளை மாதிரி இரண்டையும் நீட்டினாய். நான் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். "அது ஆறின காயமப்பா, இப்ப நோகாது" என்றாய். பிறகு, "அந்தக் கேள்வி உங்கடை எண்டு லிடியா சொன்னவா. வாத்தியாரிட்டைக் கேட்டு நான்தான் போடுவிச்சனான். பிழையோ?" என்றாய்.

"பிழையில்லை."

"மறுமொழிதான் எனக்குத் தெரியேல்லை."

"எனக்கும் தெரியாது" என்றேன். இரண்டு வருடத்துக்கு மேல் பேசாமல் இருந்தவர்கள் கடைசியில் பேசியது, எங்கள் இருவருக்கும் தெரியாத ஒன்றைப் பற்றி. நன்றாகத்தான் இருந்தது. மூவரும் வீட்டுக்கு நடந்தோம். ஒருவரும் கல்லெறியவில்லை. பேக்கரிக்காரி எதிர்ப்பக்கத்திலிருந்து கையை ஆட்டினாள். நான் அவ்வளவு நாளும் தூக்கிக்கொண்டு திரிந்த பயம் அந்த நடையில் எந்த இடத்தில் விழுந்தது என்று தெரியாது. வீட்டு வாசலுக்கு வந்தபோது அது இல்லை.

அந்த மாரிகாலத்தில் நீ பரீட்சை பாஸ் பண்ணி முழுத் தச்சனானாய். அடுத்த டோர்ட்மண்ட் கலியாணத்தில் மகன் என்ன செய்கிறார் என்று ஒருவர் கேட்டார். "கூரை போடுகிற தச்சன். ரஷ்ய மன்னனாகவும் நடிச்சவன்" என்றேன். நான் பாயசம் எடுக்கப் போய்விட்டேன்.

பிறகு ஒரு நாள் நீ புதிய செய்தியோடு வந்தாய். இந்த நாட்டுத் தச்சர்களுக்கு ஒரு பழைய வழக்கம் இருக்கிறது என்றாய். மூன்று வருடமும் ஒரு நாளும் ஊர் ஊராகப் போய் வேலை செய்து தொழில் பழக வேண்டும். அதுவரை சொந்த ஊருக்கு ஐம்பது கிலோமீற்றர் கிட்ட வரக் கூடாது. கறுப்பு உடுப்பு, அகன்ற தொப்பி, ஒரு முறுக்குத் தடி, ஒரு துணிமூட்டை, அவ்வளவுதான் சொத்து. காதில் ஒரு தோடு. தோட்டைக் கேட்டு நான் முகத்தைச் சுளிக்க, எங்கள் பூட்டன்மாரும் கடுக்கன் போட்டவர்கள்தானே என்று அம்மா சொன்னார். எனக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது.

"ஏன், வீட்டிலை இருக்க ஏலாதோ?"

"ஏலுமப்பா. அதாலைதான் போறன்."

தம்பி, நீ அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு உன் சப்பாத்துக்குக் கறுப்பு மை பூசப் போய்விட்டாய். நான் அந்த இடத்திலேயே இருந்தேன். மொஸ்கோவில் காத்திருந்த நாளிலிருந்து என் நெஞ்சில் இருந்த பாரம் அப்போதுதான் இறங்கியது. நீ என்னைவிட்டு ஓடவில்லை. எங்களை மாதிரி உயிருக்குப் பயந்தும் ஓடவில்லை. உன் கடவுச்சீட்டில் முகமும் உன்னுடையது, பெயரும் உன்னுடையது. திரும்பி வர ஒரு கதவு இருப்பதால் போகிறாய். எங்கள் குடும்பத்தில் அப்படிப் புறப்பட்ட முதல் ஆள் நீ.

அறிவுரை சொல்லாமல் ஒரு தகப்பனுக்குக் கடிதம் முடிக்க வராது, பொறுத்துக்கொள். கூரையில் நிற்கும்போது அவசரப்படாதே. சாப்பாடு தந்த வீட்டில் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வா. போகிற இடத்துச் சனத்திடம் தொழிலைக் கற்றுக்கொள், ஆனால் கற்றதை வைத்துக்கொண்டு மற்றவனைத் திருத்தப் போகாதே. தாடி வைத்திருப்பவன் தாடியோடு இருக்கட்டும். எந்த நிலத்தில் வேலை செய்தாலும் முன்பு அங்கே யார் இருந்தார்கள் என்று விசாரி, மறுமொழி கிடைக்காவிட்டாலும் விசாரி. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, உனக்குப் பிடிக்காத ஒன்றை அது செய்தால், கோபம் வந்தால் கத்து. கதவை அடி. ஆனால் பேசாமல் மட்டும் இராதே. அந்த மன்னன் தன் மகனுக்கு எழுதியது நிபந்தனைக் கடிதம். இதில் ஒரு நிபந்தனையும் இல்லை. கப்பல் வேலை பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போ. தச்சு வேலையே பிடிக்காமல் போனாலும் வந்து சொல்லு.

நீ புறப்பட்ட காலையைப் பற்றி உனக்கு ஒன்று தெரியாது, அதையும் சொல்லி முடிக்கிறேன். வழக்கப்படி ஊர்ப் பெயர்ப் பலகைக்கு மேலால் ஏறி மற்றப் பக்கம் குதிக்க வேண்டும், குதித்தபின் திரும்பிப் பார்க்கக் கூடாது. உன்னைக் கூட்டிப் போக வந்த இரண்டு தச்சர்களும் அந்தப் பக்கத்தில் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். பங்குனி மழையில் கம்பம் வழுக்கியது. நீ ஏறி ஏறிச் சறுக்கினாய். நான் கிட்ட வந்து, கால் வைத்து ஏறுவதற்கு வசதியாக இரண்டு கைகளையும் கோர்த்துப் பிடித்தேன். நீ பின்னால் நகர்ந்தாய்.

"உங்கடை கையிலை நான் காலை வைக்க ஏலாதப்பா."

"வை" என்றேன்.

"சப்பாத்துப் போட்டிருக்கிறன்."

"தெரியுது. வை."

நீ குனிந்து என் கைகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். பிறகு காலை வைத்தாய். நல்ல பாரம் நீ. மேலே ஏறி, பலகையில் ஒரு கணம் இருந்து, குதித்தாய். அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். மூன்று கறுப்புத் தொப்பிகளும் வீதியோரமாகப் போயின. உனக்குத் தெரியாதது இதுதான்: நீ பலகையில் ஏறியதும் அம்மா வயல் பக்கம் திரும்பி நின்றுவிட்டார். நீ போவதை அவர் பார்க்கவில்லை. சப்பாத்துச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் கேட்டார்.

"திரும்பிப் பார்த்தவனோ?"

"இல்லை."

"நல்லது" என்றார் அம்மா. "நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு நான் பஸ் வளையுமட்டும் வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தனான்."

என் கையில் இருந்த சேற்றை அம்மா தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். அன்று எனக்கு லீவு. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, இருவரும் பட்டப்பகலில் படுத்து, ஒரு கனவும் இல்லாமல் நித்திரை கொண்டோம்.

அப்பா